ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு ஒரு தரவுத்தளம்: மாற்றத்துக்கு இடம் வைத்து அட்டவணைகளை அமைத்த அனுபவம்

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் ஒரு பட்டறையின் ஆணைக் (ஆர்டர்) கணக்கை எக்செல் தாளிலிருந்து போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாற்றிக்கொடுத்த வேலையைப் பற்றிய பதிவு இது. ஒரே செய்தி பல இடங்களில் திரும்ப எழுதப்படாதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் முறையான இயல்பாக்கத்தை (நார்மலைசேஷன்) பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் பலர். ஆனால் ஓர் உண்மையான தொழிலின் கணக்கை எடுத்துக்கொண்டு, எந்தச் செய்தி எந்த அட்டவணைக்கு உரியது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கும் வேலை தமிழில் விரிவாக எழுதப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே தீர்மானங்களையும் அவற்றுக்கான காரணங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பழைய தாளில் ஓர் ஆணைக்கு ஒரு வரி. தேதி, வாடிக்கையாளர், ஊர், செல்பேசி, டிசைன், அளவு, நிறம் 1, நிறம் 2, நிறம் 3, நிறம் 4, சதுர அடி, விலை, முன்பணம், இரண்டாம் தவணை, அனுப்பிய தேதி, குறிப்பு என்று நெடுவரிசைகள் போய்க்கொண்டிருந்தன. பட்டறையின் கணக்குப்பிள்ளை இதை மிகுந்த கவனத்தோடு எழுதிவந்திருக்கிறார். குறை அவர் எழுத்தில் இல்லை, தாளின் அமைப்பில் இருந்தது. ஐந்து நிறம் கொண்ட டிசைனுக்கு ஆணை வந்தால் ஐந்தாவது நிறம் குறிப்புக்குப் போய்விடும். மூன்றாவது தவணை வந்தால் அதுவும் அங்கேயே போகும். நிலுவையில் உள்ள ஆணைகளுக்கு எவ்வளவு சிவப்பு ஆக்ஸைடு (நிறப்பொடி) தேவைப்படும் என்ற எளிய கேள்விக்கு நான்கு நெடுவரிசைகளிலும் தேடிவிட்டுக் குறிப்பையும் கண்ணால் படித்தாக வேண்டும்.

அட்டவணை வரைவதற்கு முன் கல் எப்படி உருவாகிறது என்பதை முழுவதுமாகப் பார்த்துவிடுவது அவசியம் என்று நினைக்கிறேன். படிவத்தையும் பில்லையும் பார்த்து வரைந்த அட்டவணை, படிவம் மாறும்போதெல்லாம் மாறும். தொழிலைப் பார்த்து வரைந்தது தொழில் மாறினால்தான் மாறும். பட்டறையில் சதுரமான கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைக்கிறார்கள். அச்சுக்குள் பூ, இதழ், மூலை, ஓரம் எனத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. வெள்ளைச் சிமெண்டும் ஆக்ஸைடும் கலந்த நிறக்கரைசலைச் சிறு கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்டு மணல் கலவையைத் தூவி, அதன் மேல் ஈரக்கலவை இட்டு மட்டம் செய்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த முகமே கல்லின் மேல்முகமாகிறது; அதன் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி சொன்னார்: “அச்சு ஒண்ணுதான் தம்பி. எந்தக் கட்டத்துக்கு எந்தக் கலருங்கிறது வீட்டுக்காரவுக சொல்றது.”

தரவுத்தளத்தின் நடுமையப் பகுதி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கட்டம் என்பது டிசைனைப் பற்றிய செய்தி. நிறம் என்பது ஆணையைப் பற்றிய செய்தி. பழைய தாள் இவை இரண்டையும் ‘நிறம் 2’ என்ற ஒரே பெயருக்குள் அடைத்துவைத்திருந்தது. ‘நிறம் 2’ இதழைக் குறிக்கிறதா மூலையைக் குறிக்கிறதா என்பது எழுதியவருக்கும் மேஸ்திரிக்கும் மட்டுமே தெரியும்.

1970-ல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட், தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளத்தின் அடிப்படையை வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இயல்பாக்கத்தின் படிகளான இரண்டாம், மூன்றாம் இயல்பு வடிவங்களும், ரேமண்ட் பாய்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய பாய்ஸ்–காட் வடிவமும் வந்தன. இவை எல்லாவற்றின் அடியிலும் இருப்பது செயல்சார்பு என்ற ஒரே கருத்து: இந்த மதிப்பு தெரிந்தால் அந்த மதிப்பு தீர்மானமாகிவிடுகிறதா? இந்தக் கேள்வியைத் தாளில் உள்ள தரவைப் பார்த்துக் கேட்கக் கூடாது, தொழில் செய்பவரிடம் கேட்க வேண்டும். தாளில் இன்றுவரை ஒரு டிசைன் ஒரே அளவில் மட்டும் விற்றிருக்கலாம். அதனால் டிசைன் அளவைத் தீர்மானிக்கிறது என்று ஆகிவிடாது. நாளை வேறு அளவில் அச்சு செய்ய முடியுமா என்று கேட்டால், முடியும் என்பார்கள். அந்தப் பதிலே சார்பு இல்லை என்பதற்குச் சான்று.

ஆக, டிசைன் ஓர் அட்டவணை. கட்டம் இன்னோர் அட்டவணை; ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் அதன் முதன்மைத் திறவுகோல் டிசைனும் கட்ட எண்ணும் சேர்ந்தது; ‘இதழ்’, ‘நடு’, ‘ஓரம்’ போன்ற பெயர் அதில் இருக்கும். அச்சு என்பது கையில் தூக்கக்கூடிய பொருள்; ஒரே டிசைனுக்கு ஒரே அளவில் இரண்டு அச்சுகள் இருக்கலாம், ஒன்று வளைந்து பழுதுக்குப் போயிருக்கலாம். எனவே அது டிசைனிலிருந்து வேறான அட்டவணை. ஆணைக்குக் கீழே ஆணைவரி: எந்த டிசைன், எந்த அளவு, எத்தனை கல். ஆணைவரிக்குக் கீழே வரிநிறம்: எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம். ஐந்து நிறமோ ஒன்பது நிறமோ வந்தால் வரிகள் கூடுமே தவிர அட்டவணை மாறாது.

வரிநிறம் அட்டவணையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அதன் முதன்மைத் திறவுகோல் ஆணை எண், வரி எண், கட்ட எண் மூன்றும் சேர்ந்தது; ஒரு கட்டத்துக்கு ஒரே நிறம் என்ற விதி அதிலேயே அடங்கிவிடுகிறது. ஆனால் மூன்று கட்டம் மட்டுமே உள்ள டிசைனுக்கு யாரும் ஐந்தாம் கட்டத்தின் நிறத்தை எழுதிவிடாமல் காப்பது எப்படி? அதற்காக வரிநிறத்தில் டிசைனையும் ஒரு நெடுவரிசையாக வைத்து, இரண்டு அயல் திறவுகோல்களை, அதாவது இன்னோர் அட்டவணையில் உண்மையில் இருக்கும் வரியை மட்டுமே சுட்டவிடும் கட்டுப்பாடுகளை, அமைத்தேன். ஆணை எண், வரி எண், டிசைன் மூன்றும் சேர்ந்து ஆணைவரியைச் சுட்டும். டிசைன், கட்ட எண் இரண்டும் சேர்ந்து கட்டத்தைச் சுட்டும். இரண்டிலும் டிசைன் பொதுவாக இருப்பதால், அந்த வரியின் டிசைனுக்கு உரிய கட்டத்தைத் தவிர வேறெதையும் எழுதத் தரவுத்தளமே இடம் கொடுக்காது. இதற்கு ஆணைவரியில் அந்த மூன்று நெடுவரிசைகள் மேல் ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் ஒரு யுனீக் கட்டுப்பாடும் வேண்டும்.

இலக்கணப்படி பார்த்தால் இது இரண்டாம் இயல்பு வடிவத்துக்கு விரோதமானது. ஆணை எண்ணும் வரி எண்ணும் தெரிந்தாலே டிசைன் தீர்மானமாகிவிடுகிறது. அதாவது திறவுகோலின் ஒரு பகுதியை மட்டும் சார்ந்த செய்தி அங்கே மறுபடியும் எழுதப்படுகிறது. தெரிந்தேதான் வைத்தேன். மிகைமையின் ஆபத்து, ஒரே செய்தி இரண்டு இடங்களில் இருந்து, ஓரிடத்தில் மட்டும் மாறிவிடுவதே. இங்கே அயல் திறவுகோல் இரண்டையும் கட்டிவைத்திருப்பதால் அவை முரண்பட வழியே இல்லை. ஆணைவரியில் டிசைன் மாறினால் வரிநிறத்திலும் தானாக மாறும் வசதியையும் போஸ்ட்கிரெஸ் தருகிறது. அதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பழைய டிசைனில் மூன்றாம் கட்டம் இதழாக இருந்து, புதியதில் மூன்றாம் கட்டம் ஓரமாக இருந்தால், இதழுக்குச் சொன்ன மஞ்சள் யாருக்கும் தெரியாமல் ஓரத்துக்குப் போய்விடும். டிசைனை மாற்ற வேண்டுமானால் முதலில் நிறங்களை நீக்கிவிட்டு வீட்டுக்காரரிடம் மறுபடி கேட்டு எழுத வேண்டும் என்பதே தொழிலுக்குப் பொருத்தம்.

எல்லாக் கட்டத்துக்கும் நிறம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை அயல் திறவுகோலால் காக்க முடியாது. அதற்கு வார்ப்புக்கு அனுப்பும் முன் ஓடும் ஒரு வினவலை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை) எழுதி, நிறம் விடுபட்ட கட்டங்களைப் பட்டியலிடச் செய்தேன்.

எல்லா அட்டவணைக்கும் ஒரு தனி வரிசை எண்ணைக் கொடுத்து அதையே திறவுகோலாக வைப்பது இன்று பலரின் பழக்கம். வாடிக்கையாளர் போன்றவற்றுக்கு அது சரி. பெயர் மாறும், செல்பேசி எண் மாறும். ஆனால் கட்டம், வரிநிறம் போன்றவற்றுக்கும் அப்படியே செய்திருந்தால், மேலே சொன்ன காவலை அமைக்கவே முடிந்திருக்காது. கூட்டுத் திறவுகோல் எழுதுவதற்குச் சற்று நீளமானதுதான். அந்த நீளத்தில்தான் விதிகள் இருக்கின்றன.

அடுத்தது விலை. பழைய தாளில் ஒவ்வொரு டிசைனுக்கும் சதுர அடி விலை எழுதப்பட்டிருந்தது. கேட்டுப் பார்த்தபோது டிசைனுக்கென்று தனி விலை இல்லை என்று தெரிந்தது. ஒற்றை நிறக் கல், அச்சில் வார்க்கும் பல நிறக் கல், அச்சில்லாமல் கையால் நிறத்தை இழுத்து வரையும் கல் என்று வகைகள் உண்டு. வகையும் அளவும் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கின்றன. டிசைன் வகையைத் தீர்மானிக்கிறது, வகை விலையைத் தீர்மானிக்கிறது. மூன்றாம் இயல்பு வடிவம் பிரிக்கச் சொல்வது இத்தகைய சங்கிலியைத்தான். வெள்ளைச் சிமெண்டு விலை ஏறும்போது பட்டியலில் உள்ள அத்தனை டிசைனையும் திருத்த வேண்டியிருந்த நிலை போய், வகைக்கும் அளவுக்கும் உரிய சில வரிகளைச் சேர்த்தால் போதும் என்றானது. ‘திருத்தினால்’ என்று எழுதாமல் ‘சேர்த்தால்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. விலைப்பட்டியலின் திறவுகோலில் நடப்புக்கு வந்த தேதியும் இருக்கிறது. முடிவுத் தேதியை எழுதவில்லை. அடுத்த வரியின் தேதியே முந்தையதன் முடிவு. இரண்டையும் எழுதினால் இடைவெளியும் மேற்படிவும் வருவதற்கு வாசல் திறந்துவிடும்.

அப்படியிருக்க, ஆணைவரியிலும் விலையை ஏன் எழுத வேண்டும் என்று இயல்பாக்கம் படித்தவர்கள் கேட்பார்கள். அது வேறு செய்தி. பட்டியல் விலை, பட்டறை அன்று கேட்ட விலை. ஆணைவரி விலை, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட விலை. மொத்தமாக எடுப்பவருக்குக் குறைத்துக் கொடுத்திருக்கலாம். வாக்குக் கொடுத்தபின் பட்டியல் ஏறியிருக்கலாம். இரண்டும் பெரும்பாலும் ஒரே எண்ணாக இருப்பதால் ஒரே செய்தி ஆகிவிடாது. மிகைமையை எண்களின் ஒற்றுமையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒன்று மாறினால் மற்றொன்றும் மாறியே ஆக வேண்டுமா என்று பார்க்க வேண்டும். பட்டியல் மாறினால் ஒத்துக்கொண்ட விலை மாறக் கூடாது. எனவே இரண்டும் இருக்க வேண்டும்.

அளவு விஷயத்தில் இதற்கு நேர்மாறானது நடந்தது. ‘8’, ‘8*8’, ‘எட்டு’ என்று பலவிதமாக எழுதப்பட்டிருந்ததை நீளம், அகலம் என அங்குலத்தில் இரண்டு எண்களாக்கினேன். எட்டங்குலக் கல் ஒன்றின் பரப்பு 64 சதுர அங்குலம். ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம். ஆகவே சதுர அடிக்கு 2.25 கல். பத்தங்குலக் கல்லானால் 1.44. 400 சதுர அடித் தளத்துக்கு எட்டங்குலக் கல் 900, பத்தங்குலக் கல் 576. இந்த விகிதம் நீளத்திலிருந்தும் அகலத்திலிருந்தும் கணக்கிட்டு வருவது. அதை எங்கும் சேமிக்கவில்லை. ஆனால் உடைசலுக்கென்று கூட்டி ஒத்துக்கொண்ட கல் எண்ணிக்கை கணக்கிலிருந்து வருவதன்று, அது பேச்சில் முடிவானது, அதைச் சேமித்தேன்.

வாடிக்கையாளர் பகுதியில் செட்டிநாட்டுக்கே உரிய நிலைமை ஒன்று உண்டு. வீடு கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருக்கும். வீட்டுக்காரர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார். கல் இறக்கும்போது நிற்பவர் வீட்டைப் பார்த்துக்கொள்பவராக இருப்பார். வீடு பங்காளிகள் பலருக்குப் பொதுவாக இருக்கும். உள்முற்றப் பகுதியான வளவின் தரையைப் புதுப்பிக்கும் செலவை அவர்கள் பங்கு போட்டுக் கொடுப்பார்கள், ஒவ்வொருவரும் அவரவர் பங்கைத் தனித்தனியே அனுப்புவார்கள். பழைய தாளில் ஊரும் செல்பேசியும் பெயருக்கு அடுத்தடுத்து இருந்ததால், லாரி சென்னைக்குப் போக வேண்டுமா தேவகோட்டைக்குப் போக வேண்டுமா என்பதைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டுத்தான் அறிய முடியும்.

எனவே நபர், பணியிடம் (கல் போடும் வீடு), தொடர்பு எண் மூன்றும் தனித்தனி அட்டவணைகள். ஒருவருக்கு இரண்டு எண்கள், இரண்டு வீடுகள் என்றால், இவற்றை ஒரே அட்டவணையில் வைத்தால் எந்த எண் எந்த வீட்டுக்கு என்ற பொருளே இல்லாமல் நான்கு வரிகள் எழுத நேரும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பன்மைச் செய்திகளைப் பிரிக்கச் சொல்லும் இந்த விதியை 1977-ல் ரொனால்ட் ஃபேகின் நான்காம் இயல்பு வடிவமாக வரையறுத்தார். முன்பணம், இரண்டாம் தவணை என்ற நெடுவரிசைகளின் இடத்தில் ரசீது அட்டவணை வந்தது: எந்த ஆணைக்கு, யார், எந்தத் தேதியில், எவ்வளவு. ஆணை கொடுத்தவரும் பணம் கொடுத்தவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்ற விதி அதில் கிடையாது.

அட்டவணைப் பெயர்களைத் தமிழிலேயே வைத்தேன். கணக்குப்பிள்ளையும் வினவல்களைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே காரணம். போஸ்ட்கிரெஸ் இதற்கு எந்தத் தடையும் சொல்வதில்லை. ஆனால் பெயர் 63 பைட்டுக்கு மேல் போனால் வெட்டிவிடும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். உயிர்க்குறியும் புள்ளியும்கூடத் தனிக் குறியீடுகள். ஆகவே 21 குறியீடுகள்தாம் இடம். ‘வாடிக்கையாளர்_முகவரிகள்’ என்று எழுதினால் 67 பைட் ஆகி, ‘வாடிக்கையாளர்_முகவரிக’ என்று அட்டவணை உருவாகும்; ஓர் அறிவிப்பு மட்டும் வரும், பிழை வராது. ‘நபர்’, ‘பணியிடம்’, ‘ரசீது’ என்ற குறுகிய பெயர்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்த் தரவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய தாளிலிருந்து ஊர்ப் பெயர்களை ஏற்றியபோது ‘கோட்டையூர்’ இரண்டு வரிகளாக வந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றில் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும், மற்றொன்றில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருந்தன. யுனீக் கட்டுப்பாடு இவற்றை வேறு வேறாகவே பார்க்கும். போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பு முதல் எழுத்தை என்எஃப்சி என்ற ஒரே சீரான குறியீட்டு வடிவத்துக்கு மாற்றும் செயற்கூறும், அந்த வடிவில் இருக்கிறதா என்று சோதிக்கும் வசதியும் உள்ளன. பெயர் எழுதும் எல்லா நெடுவரிசையிலும் அந்தச் சோதனையைக் கட்டுப்பாடாக வைத்தேன். தமிழில் தரவு வைக்கும் எவரும் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

வேலையின் நடுவே நண்பர் ஒருவர், இத்தனை அட்டவணை எதற்கு, பொருள், பண்பு, மதிப்பு என்ற மூன்று நெடுவரிசை கொண்ட ஒரே அட்டவணை போதுமே, எது வந்தாலும் எழுதிக்கொள்ளலாமே என்றார். கேட்பதற்கு அது எளிதாக மாற்றக்கூடியது போலவே தோன்றும். நான் அதை ஏற்கவில்லை. அதில் எண்ணும் தேதியும் பெயரும் எல்லாம் எழுத்துச் சரங்களாகிவிடும். அயல் திறவுகோல் வைக்க முடியாது. ‘நிறம்’, ‘கலர்’, ‘வண்ணம்’ என்று மூவர் மூன்று விதமாக எழுதினால் தடுக்க ஆளில்லை. மாற்றம் எளிதாக இருக்க வேண்டுமென்றால், மாற்றியபின் எது உடைந்தது என்று தரவுத்தளம் சொல்ல வேண்டும். விதியே இல்லாத இடத்தில் எதுவும் உடையாது. எல்லாம் மௌனமாகப் பிழையாகும். நெடுவரிசை ஒன்று சேர்ப்பது போஸ்ட்கிரெஸில் கடினமான வேலையும் அல்ல. மாறாத இயல்பு மதிப்போடு (எதுவும் தராதபோது தானாக நிரம்பும் மதிப்போடு) புதிய நெடுவரிசை சேர்க்கும்போது அட்டவணை முழுவதையும் திருப்பி எழுதும் தேவையும் 2018-ல் வந்த 11-ஆம் பதிப்போடு போய்விட்டது.

அமைத்துக்கொடுத்தபின் வந்த மாற்றங்களைக் கொண்டுதான் அமைப்பை மதிப்பிட வேண்டும். பன்னிரண்டு அங்குலக் கல் தொடங்கினார்கள். அளவில் ஒரு வரியும் விலையில் சில வரிகளும் சேர்ந்தன. எட்டுக்கு நான்கு அங்குல ஓரக்கல் வந்தது. நீளமும் அகலமும் தனித்தனியாக இருந்ததால் அதுவும் ஒரு வரியே. கையால் வரையும் கல்லைக் கணக்கில் கொண்டுவந்தபோதுதான் அட்டவணையில் கை வைக்க வேண்டியிருந்தது. தினசரி வார்ப்பு அட்டவணையில் அச்சு கட்டாயமாக இருந்தது. கையால் வரைவதற்கு அச்சு கிடையாது. அந்த நெடுவரிசையைக் காலியாக விட அனுமதிப்பது ஒரு வழி. அப்படி விட்டால், காலியிடம் ‘அச்சு தேவையில்லை’ என்று சொல்கிறதா ‘எழுத மறந்தார்கள்’ என்று சொல்கிறதா என்பது தெரியாது. எனவே வார்ப்புஅச்சு என்ற சிறு அட்டவணையைப் புதிதாக அமைத்து, அச்சில் வார்த்தவற்றுக்கு மட்டும் அதில் வரி இருக்குமாறு செய்தேன். புதிய அட்டவணையை உருவாக்கி, பழைய தரவை அதில் நிரப்பி, வினவல்களையெல்லாம் அதற்கு மாற்றி, எண்ணிக்கை ஒத்துப்போகிறது என்று பார்த்தபின்பே பழைய நெடுவரிசையை நீக்கினேன்.

கணக்குப்பிள்ளை இந்த மாற்றத்தை உணரவேயில்லை. அவர் பார்ப்பது பழைய எக்செல் தாளின் அதே நெடுவரிசை ஒழுங்கில் அமைந்த ஒரு வியூ, அதாவது பல அட்டவணைகளிலிருந்து வினவலால் தொகுத்துக் காட்டப்படும் தோற்றம். கட்டங்களின் பெயரும் நிறமும் ஒரே கலத்தில் ‘இதழ்: சிவப்பு, ஓரம்: பச்சை’ என்று கோக்கப்பட்டு வரும். அடியில் அட்டவணைகளைப் பிரித்தாலும் சேர்த்தாலும் வியூவை மட்டும் திருத்தினால் போதும். அவருக்குப் பழகிய ஒரே தாளும், தரவுத்தளத்துக்கு வேண்டிய பல அட்டவணைகளும் ஒன்றுக்கொன்று இடையூறின்றி இருக்க இதுவே வழி.

அடுத்து வரவிருக்கும் மாற்றம் நிறத்தைப் பற்றியது. ஒரே சிவப்பு என்று வாங்கினாலும் ஆக்ஸைடு ஒரு கொள்முதலுக்கும் மற்றொன்றுக்கும் சாயல் வேறுபடுகிறது. போட்ட தரையில் நான்கைந்து கல் மாற்ற வேண்டி வரும்போது இது வெளிப்படையாகத் தெரிகிறது. நிறக்கொள்முதல் என்ற அட்டவணையின் திறவுகோலாக நிறமும் கொள்முதல் எண்ணும் இருக்கும். வார்ப்புநிறம் என்ற அட்டவணை, எந்த வார்ப்பில் எந்த நிறத்துக்கு எந்தக் கொள்முதல் பயன்பட்டது என்று சொல்லும். பச்சைக்கு எதிரே சிவப்பின் கொள்முதல் எண்ணை எழுதிவிடாதபடி, வரிநிறத்தில் செய்தது போலவே நிறத்தைப் பொதுவாகக் கொண்ட கூட்டு அயல் திறவுகோல் காக்கும். இப்போதுள்ள அட்டவணைகள் எதையும் இதற்காகத் தொட வேண்டியதில்லை. ஆக்ஸைடு மூட்டைகளில் கொள்முதல் எண் எழுதி ஒட்டும் பழக்கம் பட்டறையில் நிலைத்ததும் இவ்விரண்டையும் சேர்த்துவிடுவேன்.